தீப்பொறியின் நேரமும் புகையின் சான்றும்

மன்னார் நகருக்கும் பேசாலைக்கும் இடையே தலைமன்னார் வீதியில் அமைந்த ஊர் தோட்டவெளி. 1914 இல் தலைமன்னார் வரை திறக்கப்பட்ட புகையிரதப் பாதை 1990 இல் போரினால் அழிந்து, 2015 இலேயே மீண்டது. அவ்விடைக்காலத்தில் வீதி வண்டிகளையே மக்கள் பெரிதும் நம்பி வாழ்ந்தனர். அவ்வண்டிகளுட் பல 1950 களில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒஸ்ரின், மொறிஸ் முதலியன. 1960 களிலிருந்து 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் புதியன அரிதாகவே, பழையன பேணப்பட்டன. அவை இன்று புகைப் பரிசோதனைக்கு முன் நிற்கின்றன. அவற்றின் தீப்பொறி நேரத்தை ஆராயின் வடபுலத்து வரலாற்றின் ஒரு கூறு புலப்படும்.

பெற்றோலும் காற்றும் கலந்த கலவை, பொறி பட்டவுடன் முற்றாக எரிந்துவிடுவதில்லை. அதற்குச் சிறிது நேரம் வேண்டும். ஆதலின் பிஸ்ரன் எனும் முசலம் உச்சியை அடையுமுன்னரே பொறி எழவேண்டும். மிக முந்தினால் யந்திரம் தட்டும். மிகப் பிந்தினால் வலுக் குன்றிச் சூடேறும். 1908 இல் வெளிவந்த போட் ‘ரி’ வண்டியில் இந்நேரத்தைச் சாரதியே கைப்பிடியால் மாற்றினான். பின்வந்த வண்டிகளில் டிஸ்ரிபியூற்றரினுள் சுழலும் சிறு நிறைகளும், உறிஞ்சு வளியால் இயங்கும் மென்தகடும் அப்பணியை ஏற்றன. அடிப்படை நேரத்தை அமைக்கும் பொறுப்பு மட்டும் திருத்துநரிடம் எஞ்சியது.

அந்நேரம் எரிபொருளின் தன்மையைப் பொறுத்தது. தட்டுதலைத் தாங்கும் ஆற்றலை ஒக்ரேன் எண் குறிக்கும். மண்ணெண்ணெய்க்கு அவ்வெண் மிகக் குறைவு. இங்கிலாந்தில் 1949 முதல் விற்கப்பட்ட பெகுசன் உழவு யந்திரங்களுட் சில, மண்ணெண்ணெய் போன்ற மலிந்த எண்ணெயில் ஓடுமாறு அழுத்தம் குறைத்தே ஆக்கப்பட்டன. ஒஸ்ரினோ மொறிஸோ அவ்வாறு ஆக்கப்பட்டதன்று.

எனினும் 1990 இன் பின் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பெற்றோல் தடைப்பட்டபோது, அவ்வண்டிகளே மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலால் யந்திரத்தைக் கிளப்பிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கமாயிற்று. தட்டுதலை அடக்கப் பொறியைப் பின்தள்ள வேண்டியிருந்தது. செறிந்த கலவையும் தேவைப்பட்டது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி யந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தது. வெண்புகை சூழ்ந்தாலும் அவ்வண்டிகள் நோயாளரை மருத்துவமனை சேர்த்தன. அன்று புகையைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

அதே புகையைப் பற்றிய வினா வேறொரு நாட்டில் முன்னரே எழுந்திருந்தது. வண்டிகளினின்று வெளிவரும் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெயிலில் வினைப்பட்டே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நச்சுப்பனி உண்டாகிறதென, 1950 களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிற் என்னும் அறிஞர் காட்டினார். 1966 ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளுக்குக் கலிபோர்னியா புகை வரம்பு விதித்தது. ஆக்குநர் கையாண்ட உத்திகளுள் ஒன்று, வண்டி நின்றவாறு இயங்குகையில் பொறியைப் பின்தள்ளுதல். அதனாற் கழிவு வாயு சூடேறி, எஞ்சிய ஐதரோகாபன் குழாயினுள்ளேயே எரிந்தது. வறுமையில் வடபுலத்தார் கைக்கொண்டதையும் செல்வத்திற் கலிபோர்னியர் கைக்கொண்டதையும் ஒன்றெனல் தகாது. முன்னது உயிர் காக்க, பின்னது காற்றைக் காக்க.

இலங்கையில் 2008 இல் மேல் மாகாணத்தில் தொடங்கிய புகைப் பரிசோதனை, பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. சான்றிதழின்றி வருமான அனுமதிப்பத்திரம் பெற இயலாது. பெற்றோல் வண்டியில் அளக்கப்படுவன காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் ஆகும். முன்னது பெரும்பாலும் கலவையின் செறிவைச் சார்ந்தது. பின்னது பொறி தவறுதலாலும் பிழையான நேரத்தாலும் மிகும். ஆகவே போர்க்கால அமைப்புடனே நிற்கும் வண்டி தேறுதல் அரிது. அன்று பின்தள்ளிய பொறியை முன்கொணர்ந்து, செறிந்த கலவையை மெலிவித்து, பொயின்றின் இடைவெளியைச் சீர்செய்தல் வேண்டும். கடற்காற்றின் உப்பு மின்தொடர்புகளை அரிக்கும் மன்னாரில் இப்பராமரிப்பு இன்றியமையாதது.

எனவே பழைய வண்டியைப் பழுதெனத் தள்ளுதல் முறையன்று. புகை விதி கொடிதென வெறுத்தலும் முறையன்று. விதி, தெருவிலுள்ள குழந்தையின் மூச்சைக் காக்கின்றது. வண்டியோ, ஒரு காலத்தில் அக்குழந்தையின் பெற்றோரைக் காத்தது. இரண்டையும் இணைக்கும் அறிவு திருத்துநரின் செவியிலும் கையிலும் உள்ளது. மண்ணெண்ணெய்க் காலத்தில் அவர்கள் கண்டறிந்தவற்றிற் பெரும்பகுதி நூலேறவில்லை. அவர்கள் முதுமையெய்துமுன் அவ்வறிவு எழுதப்படாவிடின், வண்டிகள் எஞ்சினும் அவற்றை ஓட்டிய வரலாறு எஞ்சாது.