ஏழு நாளில் ஒரு நாள்: தென்னார்க்காட்டு மூப்பர் சபைகளும் நம் கல்வியும்

வெள்ளி விழாக் காணும் கல்விச் சங்கத்தின் மலரில் ஒரு திருச்சபையின் வாராந்திர வாழ்க்கையைப் பற்றி எழுதுவானேன் என்னும் வினா அன்பர்கள் சிலருக்கு எழலாம். நம் சங்கத்தில் பல சமயத்தாரும் உள்ளனர். சமயம் சாராதாரும் உள்ளனர். எச்சமயத்தையும் உயர்த்திப் பேசுவது நம் நோக்கமன்று. ஆயினும் நம் முன்னோர் எழுத்தறிந்த வரலாற்றை எழுதப் புகுவோமாயின், சேரியின் நடுவே நின்ற அந்தக் கூரைக் கட்டடத்தை ஒதுக்கிவிட்டு எழுத இயலாது. ஞாயிறன்று அது கோயில். ஏனைய நாள்களில் அதுவே பள்ளிக்கூடம். அவ்விடத்தில் நம் மக்கள் கூடிய முறையையும், அக்கூட்டம் அவர்களுக்குக் கற்பித்ததையும் நடுநிலையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எந்தச் சபைகள்?

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019ஆம் ஆண்டில் உருவாயிற்று. 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இப்பகுதி பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேற்குப் பகுதியாக இருந்தது. இங்கே கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர் வட்டாரங்களில் பணியாற்றியது டென்மார்க்கு நாட்டு லுத்தரன் மிஷன். அதன் முன்னோடியான கார்ல் ஆக்ஸ் என்பார், சபைக்குள் சாதி வேற்றுமையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற போக்கை ஏற்காமல் லைப்சிக் மிஷனிலிருந்து விலகியவர். மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் தொடங்கிய பணியே பின்னர் டேனிஷ் மிஷனின் பணியாயிற்று. அதன் வழிவந்ததே ஆற்காடு லுத்தரன் திருச்சபை.

அதே மாவட்டத்தின் வடபகுதியில், திண்டிவனம், செஞ்சி முதலிய இடங்களில், வேறொரு மரபைச் சார்ந்த சபைகள் தோன்றின. அமெரிக்க நாட்டு ரிஃபார்ம்டு சபையைச் சேர்ந்த ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் நிறுவிய ஆற்காடு மிஷன் அது. செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனும் இதே மரபினது. ஆயர் ஒருவரின் தனியாட்சியின்றி, மூப்பர்கள் கூடி நடத்தும் சபை என்பதே இம்மரபின் தனி இலக்கணம். ஆங்கிலத்தில் 'பிரஸ்பிட்டேரியன்' எனப்படும் பெயரே 'மூப்பர்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாகும். நம் பகுதிக்கு மிக அணித்தாயிருந்த மூப்பர் முறைச் சபைகள் இவையே. ஆதலின் இவற்றையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

மூப்பர் முறையும் பள்ளியும்

1541இல் ஜெனீவா நகரில் கால்வின் வகுத்த சபை ஒழுங்கில் நான்கு பணிகள் குறிக்கப்பட்டன: போதகர், ஆசிரியர், மூப்பர், ஏழைகளைக் கவனிக்கும் உதவிக்காரர். ஆசிரியர் பணி சபையின் நான்கு தூண்களுள் ஒன்றாக வைக்கப்பட்டமை நம் போன்ற சங்கத்தார் நினைவிற்கொள்ளத்தக்கது. 1560இல் ஸ்காட்லாந்தில் ஜான் நாக்ஸ் முதலியோர் வரைந்த திட்டம், கோயில் உள்ள இடமெல்லாம் பள்ளி வேண்டும் என்றது. 1696இல் அந்நாட்டுச் சட்டமே அதனை வலியுறுத்தியது. வேதத்தை ஒவ்வொருவரும் தாமே வாசிக்க வேண்டும் எனின், ஒவ்வொருவரும் எழுத்தறிய வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. இக்கொள்கையே கடல் கடந்து நம் சேரிகளுக்கு உபதேசியார் உருவில் வந்து சேர்ந்தது.

உபதேசியார் என்பவர் ஞாயிறன்று ஆராதனை நடத்துபவர். வாரநாள்களில் பள்ளி ஆசிரியர். யாருக்கேனும் கடிதமோ மனுவோ எழுத வேண்டின் அதனையும் எழுதித் தருபவர். எழுத்து என்பது ஊர்த் தெருவுக்கு மட்டுமே உரியதாயிருந்த நாளில், சேரிக்குள் குடியிருந்த முதல் எழுத்தாளர் அவரே எனலாம்.

ஒரு வாரத்தின் ஒழுங்கு

இச்சபைகளின் வாரம் இடத்துக்கு இடம் சிறிது வேறுபடினும், அதன் பொது அமைப்பு ஒன்றே. ஞாயிறன்று மணியோசை கேட்டதும் மக்கள் கூடுவர். ஆடவர் ஒருபுறம், மகளிர் மறுபுறம் தரையில் அமர்வர். கீர்த்தனை, ஜெபம், வேதவாசிப்பு, பிரசங்கம் என ஆராதனை எளிமையாக நடைபெறும். பத்துக் கட்டளைகளும் ஞானோபதேச வினாவிடைகளும் மனப்பாடமாகச் சொல்லப்படும். ரிஃபார்ம்டு சபைகள் போற்றும் ஹைடல்பர்க் வினாவிடை நூல் 129 வினாக்களைக் கொண்டது. ஆண்டின் 52 ஞாயிறுகளுக்கும் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டது. எழுத்தறியாதவரும் வாரம் ஒரு பகுதியாகக் கற்பதற்கு ஏற்ற அமைப்பு அது.

காணிக்கை பெரும்பாலும் பொருளாகவே வரும். அரிசி, முட்டை, கோழி, பூசணி, கீரை எனக் கொண்டுவந்தவை ஆராதனைக்குப்பின் ஏலம் விடப்பட்டுத் தொகை கணக்கில் ஏறும். சமைக்கும் வேளையில் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் வழக்கத்தை நம் தாய்மார் நன்கறிவர். மிசோரம் மாநிலத்தின் பிரஸ்பிட்டேரியன் சபை இத்தகைய பிடியரிசிக் காணிக்கையைக் கொண்டே இன்றளவும் பெரும் பணிகளை நடத்தி வருகிறது. வறுமையிலும் ஒரு பிடியைப் பொதுவுக்கு ஒதுக்கலாம் என்பதை நம் மகளிர் யாரும் சொல்லாமலே செயலில் காட்டினர்.

வாரநாள்களில் பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளி; வேலை முடித்து வந்த பெரியவர்களுக்கு விளக்கொளியில் இரவுப் பாடம். வாரத்தின் நடுவே வீட்டு ஜெபக்கூட்டம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் வீட்டில் நிகழும். மகளிர் கூடுகை தனியே உண்டு. இவற்றோடு மூப்பர் கூட்டம் ஒன்றும் உண்டு. இதுவே நாம் சிறப்பாக நோக்க வேண்டியது.

மூப்பர்கள் சபையாரால் தெரிந்தெடுக்கப்பட்டவர். அவர்கள் கூடிக் காணிக்கைக் கணக்கைப் பார்ப்பர். நோயுற்றோரையும் விதவையரையும் விசாரிப்பர். பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குச் செல்வர். குடி, சண்டை, கடன் ஆகியவற்றால் எழும் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பர். பேசியவை அனைத்தும் குறிப்பேட்டில் எழுதப்படும். கிராமச் சபைக்கு மேல் வட்டாரச் சபையும் அதற்கு மேல் சினாடும் இருந்தன. அவற்றில் போதகர்களோடு மூப்பர்களும் பிரதிநிதிகளாக அமர்ந்தனர்.

ஊர்ப் பஞ்சாயத்தில் தலைகுனிந்து நின்று தீர்ப்பைக் கேட்டு வரும் நிலையிலிருந்தோர் நம் முன்னோர். அவர்களுள் ஒருவர் பாயில் அமர்ந்து, தம் கருத்தைக் கூறி, அது எழுத்தில் பதியப்படுவதைக் கண்டது சிறிய நிகழ்ச்சியன்று. தேர்தல், கணக்கு, குறிப்பேடு, பிரதிநிதித்துவம் ஆகிய நான்கையும் வாக்குரிமை நமக்கு வருமுன்பே இவ்வெளிய கூரையின்கீழ் நம்மவர் பயின்றனர்.

ஞாயிறு யாருடையது?

ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு என்பது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றலாம். படியாளாக இருந்தவனுக்கு அது இயல்பன்று. அவன் உழைப்பு மட்டுமன்று, அவன் நாளும் ஆண்டைக்கே உரியது. நாற்றுநடவிலும் அறுப்பிலும் ஞாயிறு என்றும் திங்கள் என்றும் இல்லை. எனவே ஞாயிறு ஆசரிப்பு என்னும் சபையின் விதி, வயலில் உரிமைப் போராட்டமாக மாறியது. வேலைக்கு வரவில்லை என்று படி மறுக்கப்படுவதும், குடியிருப்பை விட்டு வெளியேறும்படி மிரட்டப்படுவதும் நேர்ந்தன. பல சபைகளில் மக்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு இரவில் கூடி ஆராதித்தனர். நாள் தமதாக இல்லாதபோது இரவையேனும் தமதாக்கிக்கொண்டனர் என்பதே இதன் பொருள்.

கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் வரலாற்றையும் இங்கே ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். ஜாகீர்தார்களின் ஆளுகைக்குட்பட்டு, கூலியின்றி உழைக்கும் கடமையால் பிணிக்கப்பட்டிருந்தனர் அவர்கள். 1976ஆம் ஆண்டில்தான் அம்மலை ஜாகீர் ஆட்சியினின்று விடுபட்டது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் நடுவண் அரசின் சட்டமும் அதே 1976இல் நிறைவேறியது. மலையிலாயினும் சமவெளியிலாயினும், தன் நாள் தன்னுடையதாக இல்லாதவன் பள்ளிக்குச் செல்வது எங்ஙனம்? கல்வியின் முதற்படி எழுத்தன்று. ஓய்வு நேரமே என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

பெஞ்சும் நிலமும்

இம்மரபினர் செய்த இரண்டு செயல்களை நன்றியுடன் குறிப்பிட வேண்டும். 1837இல் சென்னையில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் பள்ளியொன்றைத் தொடங்கினார். மறு ஆண்டே அதில் பறையர் குலப் பிள்ளைகள் சிலர் சேர்ந்தமை தெரியவர, அவர்களை நீக்க வேண்டும் அல்லது தனிப் பெஞ்சில் அமர்த்த வேண்டும் எனப் பிற வகுப்பார் வற்புறுத்தினர். ஆண்டர்சன் இரண்டுக்கும் இணங்கவில்லை. மாணவர் பலர் பள்ளியை விட்டு விலகினர். ஆயினும் அவர் அசையவில்லை. அப்பள்ளியே வளர்ந்து சென்னைக் கிறித்துவக் கல்லூரியாயிற்று.

மற்றொன்று நிலம் பற்றியது. செங்கற்பட்டில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ என்னும் ஸ்காட்லாந்து மிஷன் போதகரும் பிற மிஷனரிமாரும், நம் மக்களின் நிலமற்ற நிலையைப் பத்திரிகை வாயிலாகவும் அரசுக்கு விடுத்த முறையீடுகள் வாயிலாகவும் எடுத்துரைத்தனர். 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீர் தம் புகழ்பெற்ற அறிக்கையை எழுதினார். 1892ஆம் ஆண்டு அரசாணைகள் பிறந்தன. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றளவும் போராடி மீட்க முயல்கின்ற உரிமையின் வேர் அங்கேயே உள்ளது. அந்நாளில் நம்மவரும் வாளாவிருக்கவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் பௌத்த வழியில் தன்மானம் தேடினார். பல ஓடைகள் சேர்ந்தே நம் எழுச்சி ஆறாயிற்று. மூப்பர் சபை அவற்றுள் ஓர் ஓடை.

மறைக்கலாகாத குறைகள்

குறைகளைக் கூறாத வரலாறு வெறும் புகழ்மாலையாகிவிடும். மூப்பர் கூட்டத்தில் நம்மவர் அமர்ந்தாலும் பணப்பெட்டியின் சாவி நெடுங்காலம் வெள்ளையர் கையில் இருந்தது. பிடியரிசி தந்தவர் மகளிர். அக்கணக்கைப் பார்க்கும் கூட்டத்தில் அவர்க்கு நெடுநாள் இடமில்லை. ஒரே கிண்ணத்தில் திருவிருந்து அருந்தியோர் பலர், திருமண உறவிலும் கல்லறைத் தோட்டத்திலும் பழைய சாதிக் கோடுகளை அழிக்க மறுத்தனர். சபையில் சமம் எனக் கேட்டுத் திரும்பியவன், தெருவில் இறங்கியதும் பழைய ஆளானான்.

சட்டமும் ஒரு புதிய கோடு கிழித்தது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தவரை மட்டுமே பட்டியல் வகுப்பினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரான நம் மக்கள் சேர்க்கப்படவில்லை. ஒரே சேரியில், ஒரே கிணற்றடியில் வளர்ந்த இரு பிள்ளைகளுள் ஒருவனுக்குக் கிடைக்கும் பட்டியல் வகுப்பு உரிமை மற்றவனுக்கு இல்லை என்னும் நிலை இதனால் நேர்ந்தது. சமயம் மாறினும் சாதிக் கொடுமை மாறவில்லை என்பதை நாடறியும், ஆணை அறியவில்லை.

சபைகளின் வடிவமும் மாறியது. 1908இல் ஆற்காடு, ஸ்காட்லாந்து மிஷன்களின் சபைகள் காங்கிரிகேஷனல் சபைகளோடு இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபையாயின. அதுவும் 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபையில் ஒன்றாயிற்று. ஆயர் முறை வந்தது. எனினும் அத்திருச்சபையில் குருவானவருக்கு 'பிரஸ்பிட்டர்' என்றே பெயர். மூப்பர் மரபின் சுவடு அப்பெயரில் இன்றும் உள்ளது.

நமக்குரிய பாடம்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாண்டவருள் பலர் அன்றாடம் கூலி வேலை செய்து பிழைத்தவர். அவர்களைக் குறைகூறுவது நம் பணியன்று. நஞ்சை விற்றவரும் அதனைத் தடுக்கத் தவறியவருமே பதில் கூற வேண்டியவர். ஆயினும் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். உழைத்துக் களைத்து மாலையில் திரும்பும் ஒருவருக்குச் சாராயக்கடை தவிர உட்கார வேறு இடம் நம் தெருவில் உண்டா? வாரம் ஒருமுறையேனும் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, 'ஏன் வரவில்லை?' என்று கேட்க ஒருவர் உண்டா?

அந்த மூப்பர்கள் தட்டினார்கள். எழுதப் படிக்கத் தடுமாறிய எளிய மனிதர்கள், வாரந்தோறும் தட்டினார்கள். சபை நிலைத்ததற்குக் காரணம் அயல்நாட்டுப் பணம் மட்டுமன்று. இந்த வாரந்தோறும் என்னும் ஒழுங்கே.

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்கிறது. விழாவும் மலரும் வேண்டியனவே. ஆனால் சமூகத்தை உருவாக்குவது ஆண்டுவிழா அன்று, வாரக்கூட்டமே. வாரம் ஒரு மாலை எல்லாத் தெருவிலும் ஒரு படிப்புக் கூட்டம், அதற்கு மக்களே தெரிந்தெடுத்த நால்வர், அந்நால்வருள் பாதிப்பேர் மகளிர், எவரும் பார்க்கத்தக்க கணக்கேடு, பள்ளிக்கு வாராத பிள்ளையின் வீட்டை நாடிச் செல்லும் ஒருவர்: இவற்றுக்கு அயலார் பணம் வேண்டியதில்லை, கோயிலும் வேண்டியதில்லை. ஒரு பிடி அரிசியும் ஒரு நாள் மாலையும் போதும். நாளே தமதாக இல்லாத காலத்தில் நம் முன்னோர் இரவில் கூடிப் படித்தனர். நாள் நமதாகிவிட்ட இக்காலத்தில் நாம் கூடாதிருப்பின், அது அவர்கள்பால் நாம் பட்ட கடனை மறப்பதாகும்.