'வெட்டிங்' என்றால் பிணை

ஏற்காடு ஏரிக்கரையில் படம் எடுக்க வரும் மணமக்களிடம் 'வெட்டிங் ஷூட்' என்ற சொல்லை அடிக்கடி கேட்கிறோம். நம் அழைப்பிதழ்களிலும் 'வெட்டிங்' இடம்பிடித்துவிட்டது. இச்சொல்லின் பிறப்பை அறிவது, திருமணம் என்னும் அருட்சாதனத்தைப் பற்றிச் சிந்திக்க நமக்கு உதவும்.

பழைய ஆங்கிலத்தில் 'வெட்' என்றால் பிணை. கொடுத்த வாக்கைக் காப்பேன் என்பதற்கு அடையாளமாக ஒப்படைக்கும் ஈடு அது. நிலம் பேசி முடித்ததும் நாம் கொடுக்கும் அச்சாரத்தைப் போன்றது. பந்தயத்தைக் குறிக்கும் 'வேஜர்', நிச்சயதார்த்தத்தைக் குறிக்கும் 'என்கேஜ்மென்ட்' ஆகியவையும் பிரெஞ்சு மொழி வழியாக வந்த இதே வேரின் கிளைகளே.

மணவாழ்வை 'வெட்லாக்' என்பர். அதில் பூட்டு இருப்பதாகக் கேலி பேசுவோரும் உண்டு. உண்மையில் அந்த 'லாக்' பூட்டு அன்று. செயலைக் குறிக்கும் பழைய விகுதி. எனவே 'வெட்லாக்' என்றால் பிணை கொடுத்தல் என்றே பொருள்.

வரன் தேடும் இணையதளங்களால் நமக்குப் பழகிய 'மேட்ரிமொனி', தாயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மணம் செய்வதைக் குறிக்கும் 'மேரி' என்ற வினைச்சொல்லோ கணவனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அன்னை மரியாவின் பெயரோடு அதற்குத் தொடர்பில்லை.

நம் முன்னோர் 'மெய்விவாகம்' என்று அழைத்த இந்த அருட்சாதனத்திலும் வாக்குக் கொடுப்பதே மையம். மணமக்களின் மனமொத்த சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது என்பது திருச்சபையின் போதனை. அதனால்தான் நம் ஆலயங்களில் வார்த்தைப்பாடு முதலிலும், தாலி கட்டுதல் அதன் பின்னும் நடைபெறுகின்றன. மறைவாக நடந்த மணங்களால் குழப்பம் மிகுந்தபோது, திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டு பங்குக்குருவும் சாட்சிகளும் முன்னிலையில் இருக்க வேண்டும் எனக் கட்டளையிட்டது.

அச்சாரமாகப் பணம் கொடுத்தவர், அதை இழந்துவிட்டு விலகிக்கொள்ளலாம். திருமணத்தில் ஈடாக வைக்கப்படுவதோ பணமன்று, மணமக்கள் தங்களையே வைக்கிறார்கள். நோயும் கடனும் வேலையிழப்பும் வரும்போதுதான் அந்தப் பிணையின் மதிப்பு தெரியும். அப்போது, பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்திட்டவர்களும் வாழ்த்திச் சென்ற நாமும் ஒதுங்கி நிற்கலாமா? மணமக்களுக்கிடையே ஆண்டவரே சாட்சியாய் இருக்கிறார் என்கிறார் இறைவாக்கினர் மலாக்கி (2:14). நம் பங்கில் தடுமாறும் குடும்பம் ஒன்றை இவ்வாரம் சந்தித்து ஆறுதல் சொல்வோம்.