மெகாபிக்ஸல் மாயையும் மாங்கனியும்

2005-ஐ ஒட்டிய வருடங்களில் கேமரா வாங்கக் கடைக்குப் போனவர்கள் முதலில் கேட்ட கேள்வி, "இது எத்தனை மெகாபிக்ஸல்?" என்பதுதான். நாலு என்றால் முகம் சுருங்கும், ஏழு என்றால் மலரும். கையடக்க டிஜிட்டல் கேமரா அந்த ஒற்றை எண்ணைக் காட்டித்தான் விற்றது. அதே எண்தான் அதற்குக் குழியும் பறித்தது என்பது என் கட்சி. பி.காம். படிக்கிறவனுக்குக் கேமராவைப் பற்றி என்ன தெரியும் என்கிறீர்களா? கணக்கு தெரியும், கொஞ்சம் பொறுங்கள் :-)

முதலில் பழைய கதை. நம் தாத்தா காலத்து வீடுகளில் இருந்த கேமரா பெரும்பாலும் ஆக்ஃபா கிளிக் 3. பரோடாவில் தயாரானது. ஒரு 120 ரோல் போட்டால் 12 படம். சாதாரண ஒற்றை லென்ஸ். வெயிலா மேகமா என்று பார்த்துத் திருப்பி வைத்தால் முடிந்தது வேலை. ஆனால் நெகட்டிவ் கிட்டத்தட்ட 6 செ.மீ. சதுரம்! பலர் அதை அப்படியே அதே அளவில் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் ஒட்டிவிட்டார்கள். பெரிதாக்கினால்தானே லென்ஸின் வண்டவாளம் தெரியும்? அதனால்தான் அந்தப் படங்கள் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கின்றன. படத்தின் தரம் என்பது கேமராவுக்குள் மட்டும் இல்லை, அதை எந்த அளவில் பார்க்கிறோம் என்பதிலும் இருக்கிறது. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

(கொசுறு: கறுப்பு வெள்ளை பிலிம் ஊட்டியிலேயே தயாரானது. ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்தது, பெயர் 'இந்து'. தொழில்நுட்பம் கொடுத்தது பொஷே என்ற பிரெஞ்சுக் கம்பெனி. 1954-இல் காரைக்காலை விட்டுப் போன பிரெஞ்சுக்காரர்கள் ஊட்டி வழியாக நம் ஆல்பத்துக்குள் வந்துவிட்டார்கள்!)

டிஜிட்டல் கேமராவை 1975-இல் கோடாக் கம்பெனியிலேயே ஸ்டீவன் சாஸன் செய்து காட்டினார். 0.01 மெகாபிக்ஸல். ஒரு படம் கேஸட்டில் பதிய 23 வினாடி. எடுத்த படத்தை உடனே பார்க்கப் பின்னால் ஒரு சின்னத் திரை வைத்து, சாமானியருக்கென்று 1995-இல் வந்தது கேசியோ க்யூவி-10. அதுவும் கால் மெகாபிக்ஸல்தான். அந்த நிலையில் மெகாபிக்ஸல் எண்ணைக் கேட்பது நியாயமான கேள்வி. கால் மெகாபிக்ஸலில் பாட்டியின் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

இப்போது கணக்கு. ஸ்டுடியோவில் போடும் மேக்ஸி பிரிண்ட் 4x6 அங்குலம். நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். 1200 பெருக்கல் 1800, ஆக 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளி. அதாவது 2 மெகாபிக்ஸல் கொஞ்சம் சொச்சம்! ஆல்பத்துக்கு இதற்கு மேல் தேவையே இல்லை. 2005-இல் வந்த கேனன் பவர்ஷாட் ஏ520-இன் 4 மெகாபிக்ஸல் இதற்கு இரண்டு மடங்கு.

ஆனால் கம்பெனிகள் நிறுத்தினவா? அதே ஏ வரிசையில் 2007-இல் ஏ560 ஏழு மெகாபிக்ஸல், 2009-இல் ஏ480 பத்து. உள்ளே இருக்கும் சென்சார் மட்டும் ஏறக்குறைய அதே அளவு, சுமார் 6 மி.மீ.க்கு 4.5 மி.மீ. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதே ஒரு மா நிலத்தை நாலு பங்காளிக்குப் பதில் பத்துப் பங்காளிக்குப் பிரித்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைகிறது. வெயிலில் வித்தியாசம் தெரியாது. சாயங்காலம், கல்யாண மண்டபம், சனிப்பெயர்ச்சி இரவில் திருநள்ளாறு வீதி... அங்கே எடுத்தால் படம் முழுக்க மணல் தூவியது போல இருக்கும்.

இதைத் தெரிந்தே செய்தார்கள் என்பதற்குச் சாட்சி உண்டு. 2006-இல் ஃபுஜிஃபிலிம் எஃப்30 ஆறு மெகாபிக்ஸலோடு நின்று, சற்றுப் பெரிய சென்சார் வைத்து, இருட்டில் எடுக்கப் பெயர் வாங்கியது. மறு வருடமே அந்த வரிசை 12-க்குத் தாவிவிட்டது! கேனன் 2008-இல் ஜி10-ஐ 14.7 மெகாபிக்ஸலில் விட்டு, 2009-இல் ஜி11-ஐ 10-க்கு இறக்கியது. எண் குறைந்ததையே விளம்பரமாக்க வேண்டிய நிலை. ஆனால் மலிவு விலை மாடல்களில் ஓட்டம் நிற்கவில்லை. கடையில் கேட்கப்பட்ட கேள்வியும் மாறவில்லையே.

சரி, அன்றாட உபயோகம்? எனக்குத் தெரிந்து காரைக்காலில் இதற்கு ஒரே பரீட்சை மாங்கனித் திருவிழா. ஆனி மாதம், பிச்சாண்டவர் வீதியுலா, வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கும். நாலு மீட்டர் மாடியிலிருந்து விழும் பழம் தரை தொட 0.9 வினாடி. அந்தக் காலத்துச் சின்ன கேமராக்களில் பட்டனை அமுக்கியபின் ஃபோகஸ் தேடிப் படம் பிடிக்கவே அரை வினாடி போய்விடும். பழம் யாரோ ஒருவர் கைக்குப் போயிருக்கும், உங்கள் படத்தில் வெறும் மாடி இருக்கும். பாதி அமுக்கி ஃபோகஸ் பூட்டி வைத்துக் காத்திருக்க வேண்டும். அப்பாவின் 4 மெகாபிக்ஸல் கேமராவில் இப்படி முயன்றேன், முப்பது படத்தில் நாலில் பழம் அந்தரத்தில் நிற்கிறது. எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்ட எவரும் "அமுக்கினால் எப்போது எடுக்கும்?" என்று கேட்கவில்லை. சாதாரண பென்சில் பேட்டரி போடும் மாடல்கள் இந்த விஷயத்தில் புண்ணியம் கட்டிக்கொண்டன, தீர்ந்தால் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும்.

பிறகு போன் வந்தது. அதன் சென்சார் இன்னும் சின்னது. ஆனால் எப்போதும் சட்டைப்பையில் இருந்தது, எடுத்ததை உடனே அனுப்பியது. இருட்டிலும் வெயிலிலும் கண்ணுக்குத் தெரியும்படி ஜெயித்துக் காட்ட வேண்டிய நேரத்தில் கேமரா கம்பெனிகளிடம் இருந்தது அந்த எண் மட்டும்தான். 2010-இல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் போன டிஜிட்டல் கேமராக்கள், 2023-இல் ஒரு கோடியைக்கூடத் தொடவில்லை.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு பக்கம் உயிர்கள் போயின, வீடுகள் போயின, வீட்டோடு ஆல்பங்களும் போயின. அப்படிப் போன முகத்துக்கு, உறவுக்காரர் வீட்டில் இருக்கும் இன்னொரு பிரிண்ட் கைகொடுக்கும், அல்லது ஸ்டுடியோவில் கிடக்கும் நெகட்டிவ். அதற்குப் பின் வந்த டிஜிட்டல் காலத்தில் நாம் ஆயிரக்கணக்கில் எடுத்தோம், பிரிண்ட் போடவில்லை. சி.டி.யில் எழுதினோம், கம்ப்யூட்டரில் போட்டோம், இரண்டும் கெட்டுப்போயின. என் பள்ளிக்கூடத்து முதல் வருடப் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. 1970களின் கிளிக் 3 படம் இருக்கிறது!

இப்போது என் வயதுப் பசங்களுக்கு அந்தப் பழைய கேமராக்கள் மேல் திடீர் ஆசை வந்திருக்கிறது. 2024-இல் கையடக்க கேமரா விற்பனைகூடக் கொஞ்சம் ஏறியது. ஜி.எஸ்.டி. 2017-இல் 28 சதவீதம், 2019 ஜனவரியில் 18 ஆனது. பழசு வாங்குகிறவர்கள் மெகாபிக்ஸலை விட்டுவிட்டு, பேட்டரி மூடியைத் திறந்து உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். நம் கடற்கரை ஊர்க் கேமராக்களை நம்பவே முடியாது. கார்டு எந்த வகை என்றும் பாருங்கள். பழைய ஒலிம்பஸ், ஃபுஜி என்றால் எக்ஸ்டி கார்டு, 2010-க்கு முந்தைய சோனி என்றால் மெமரி ஸ்டிக், இரண்டும் இப்போது லேசில் கிடைக்காது. உள்ளே பழைய கார்டு இருந்தால் தயவுசெய்து ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். யார் வீட்டுக் கல்யாணமோ அதில் இருக்கும்.