கடைசி நிறுத்தமாக ரவாங்: 1892 முதல் 2016 வரை

மலாயாத் தோட்டத் தமிழர் ரயில் பாதையைக் ‘கம்பிச் சடக்கு’ என்றார்கள். அந்தச் சடக்கின் கடைசி நிறுத்தமாக ரவாங் இரண்டு முறை இருந்திருக்கிறது. முதல் முறை ஈயத்துக்காக. இரண்டாம் முறை கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களுக்காக.

சிலாங்கூரின் முதல் பாதை 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றோரப் புக்கிட் கூடா வரை ஓடியது. ஈயத்தைக் கப்பலில் சேர்ப்பதே அதன் முதல் வேலை. வடக்குச் சுரங்கங்களுக்காகப் போட்ட பாதை 1892இல் ரவாங்கையும், 1893இல் செரண்டாவையும், 1894இல் கோலகுபுவையும் எட்டியது. ரவாங் முனையமாக இருந்தது ஏறத்தாழ ஓராண்டுதான். ஆனால் 1894இல் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ரவாங் ஈய லம்பத்தில் (சுரங்கத்தில்) மின்சாரத்தால் நீர் இறைத்தார்கள். மலாயாவில் மின்சாரப் பயன்பாடு அங்கிருந்தே கணக்கிடப்படுகிறது.

பத்துமலைக் கோயிலோடு சேர்த்தே தம்புசாமிப் பிள்ளையை நினைக்கிறோம். ரயில் பாதை வேலைக்குத் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டியதிலும் அவருக்குப் பங்குண்டு. அதை யாரும் விழா எடுத்துச் சொல்வதில்லை. சிலாங்கூர் அரசுப் பொறியாளராக வந்த ஸ்பூனர் முன்பு இலங்கையில் பணிபுரிந்தவர். அவர் காலத்தில் யாழ்ப்பாணத் தமிழர் ஸ்டேஷன் மாஸ்டராகவும் கிராணியாகவும் வந்து சேர்ந்தனர். சல்லி கொட்டித் தண்டவாளம் பதித்தவர்களோ தமிழகத்துக் கூலிகள். இருவர் பேசியதும் தமிழே. ஒருவர் இடம் நடைமேடைக்கு மேலே, மற்றவர் இடம் கீழே.

1915இல் ரவாங்கை அடுத்த குவாங்கிலிருந்து பத்து ஆராங் நிலக்கரிக்குக் கிளைப்பாதை பிரிந்தது. சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. இடையில் ஜப்பானியர் ஆட்சியில் இந்த மேற்குக் கரைப் பாதை வழியாகவே தோட்டத் தமிழர் சயாம் மரண ரயில் வேலைக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். போருக்குப் பின் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கும் துண்டாடல் வந்தது. அதைத் தடுக்க 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரக் காடுகள் வீடமைப்புப் பகுதிகளாவதை அதனால் முழுதும் நிறுத்த முடியவில்லை. லயத்தை விட்டவர்களின் பிள்ளைகள் பட்டணத்தில் வேலை தேடினார்கள்.

1995இல் மின்சாரக் கொமுட்டர் ரயில் வந்தபோது ரவாங் மீண்டும் கடைசி நிறுத்தமாயிற்று; மறுமுனை சிரம்பான். ரயிலும் புறநகரும் சேர்ந்த கதை ஜப்பானில் வேறு விதமாக நடந்தது. ஒசாகாவுக்கு வெளியே 1910இல் கொபயாஷி இச்சிசோவின் நிறுவனம் பாதை போட்டு, அதன் ஓரத்திலேயே வீட்டுமனைகளையும் விற்றது. ரயிலும் புறநகரும் ஒன்றாகப் பிறந்தன. ரவாங்கில் ஸ்டேஷன் நூறாண்டு காத்திருந்த பிறகே புறநகர் அதைத் தேடி வந்தது.

இம்முறை முனையப் பட்டம் சற்று நீடித்தது. ரவாங்கிலிருந்து ஈப்போ வரையிலான 179 கிலோமீட்டர் இரட்டைப் பாதைத் திட்டத்தின் பயனாக 2007இல் ராசா வரையும், 2009இல் தஞ்சோங் மாலிம் வரையும் இணைப்பு ரயில் ஓடியது. அப்போதும் வடக்கிலிருந்து வருபவர் ரவாங்கில் இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு வண்டி தாமதித்தால் மற்றது போய்விடும். எல்லைக்கோடு நடைமேடையிலேயே கிடந்தது. 2016இல் தஞ்சோங் மாலிம் வண்டி நேராகக் கிள்ளான் துறைமுகம் வரை போகத் தொடங்கியதும் அந்த மாற்றம் தேவையற்றுப் போனது. ரவாங்கில் ஏறுகிறவர் இன்று இருந்த இடத்தை விட்டு எழாமல் கோலாலம்பூர் வழியாகக் கிள்ளான் போய்ச் சேரலாம், 1892இல் ஈயம் போன அதே திசையில்.