நாலு சின்ன பைப் சேர்ந்தா ஒரு பெரிய பைப் ஆகுமா?

இன்னைக்கு ஒரு கணக்கோட ஆரம்பிக்கலாம். ஒரு மீட்டர் விட்டமுள்ள பைப் ஒண்ணு இருக்கு. அதை எடுத்துட்டு, அதே நீளத்துக்கு அரை மீட்டர் பைப்புகளைப் பக்கத்துல பக்கத்துல போடணும். எத்தனை வேணும்? பரப்பளவை வெச்சுப் பார்த்தா நாலு. ஆனா நாலு போட்டா, அதே அழுத்தத்துல சுமார் 70 சதவீதத் தண்ணிதான் போகும். கிட்டத்தட்ட ஆறு வேணும். தெருக்கோடி வீட்டுக்குத் தண்ணி வருமா வராதாங்கிறது இந்த வித்தியாசத்துலதான் இருக்கு.

பிரான்ஸில் டிஜோன் நகரத்தில் 1803-இல் பிறந்தவர் ஹென்ரி டார்சி. 1840-இல் சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஓர் ஊற்றிலிருந்து தன் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு பாரிஸில் பலவகைக் குழாய்களை வைத்துச் சோதனை செய்து, 1857-இல் முடிவுகளை வெளியிட்டார். அதுவரை புழக்கத்தில் இருந்த சூத்திரம், குழாயின் உட்புறம் எப்படி இருக்குங்கிறதைக் கண்டுக்கவே இல்லை. புதுக் குழாயும் துருப்பிடிச்ச பழைய குழாயும் ஒண்ணு இல்லைன்னு அளந்து காட்டினவர் டார்சி. ஜெர்மனியின் வைஸ்பாக் 1845-இல் தந்த வடிவத்தோடு இது சேர்ந்ததுதான் இன்றைய டார்சி–வைஸ்பாக் சமன்பாடு.

அதன்படி உராய்வு இழப்பு, நீளம் கூடினால் கூடும். ஓட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு நாலு மடங்கு. அதே ஓட்டத்துக்கு விட்டம் பாதியானால் இழப்பு 32 மடங்கு! அதாவது தொடராக இணைச்ச பாதையில 200 மில்லிமீட்டர் பைப் 100 மீட்டர் வந்தா, அது 400 மில்லிமீட்டர் பைப் 3.2 கிலோமீட்டருக்குச் சமம். தொடரில் ஓட்டம் ஒண்ணுதான், இழப்புகளைக் கூட்டணும். இணையில் இழப்பு ஒண்ணுதான், ஓட்டங்களைக் கூட்டணும். இப்படிப் பல பைப்பை ஒரே பைப்பா மாத்துறதுதான் சமானக் குழாய்.

நம்ம மாதிரி கோட் எழுதுறவங்களுக்கு இது பழகின விஷயம்: உள்ளே நடக்கிறதை மறைச்சு, வெளிய ரெண்டு எண் மட்டும் காட்டறது. எவ்வளவு தண்ணி போகுது, எவ்வளவு அழுத்தம் போச்சு. சிக்கல் என்னன்னா, நடுவுலயும் ஆளுங்க குடியிருக்காங்க. நடுவுல யாராவது குழாயைத் திறந்தா அந்தச் சமானம் உடைஞ்சிடும். ரெண்டு இணைப் பைப்புக்கு நடுவே ஒரு குறுக்குப் பைப் வந்தாலோ, அது தொடரும் இல்லை, இணையும் இல்லை. ஊர்க் குழாய்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

இதுக்கு 1936-இல் வழி சொன்னவர் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்டி கிராஸ். ஓட்டத்தை முதல்ல ஊகிச்சுக்கோங்க. ஒவ்வொரு சந்திப்பிலும் வர்ற தண்ணியும் போற தண்ணியும் சமமா இருந்தா போதும். ஒவ்வொரு வளையத்தையும் சுத்தி வந்து இழப்புகளைக் கூட்டினா பூஜ்யம் வரணும். வரலைன்னா, மிச்சத்தை வெச்சே ஊகத்தைத் திருத்துங்க. திரும்பச் செய்யுங்க. பேப்பர், பென்சில் போதும்! கணினி வந்தபோது அதே கணக்கு அதுக்குள்ள போச்சு. 1993-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட இபாநெட் இன்னைக்கும் இலவசம். ஆனா அது வேறொரு கணக்கு முறையில ஓடுது.

சமானக் குழாய் தப்பில்லை. மொத்தக் கணக்கைச் சட்டுனு சரிபார்க்க அதுதான் வசதி. ஆனா நடு வீட்டுக்குத் தண்ணி எவ்வளவு வரும்னு அதுக்கிட்ட கேக்காதீங்க. அதைத் தெரிஞ்சுக்க வளையத்தைச் சுத்தித்தான் வரணும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.