மூழ்குவோர் கடிகாரம்

கடலில் மூழ்குபவருக்குக் குப்பிக் காற்று எத்தனை நிமிடம் வரும் என்பதே உயிர்க்கணக்கு. சுவிஸ் பிளாங்க்பான் நிறுவனத்தை நடத்திவந்த ழான் ழாக் ஃபீஷ்டர் ஒருமுறை காற்றுத் தீர்ந்து, அவசரமாக மேலேறிப் பிழைத்தார். 1953இல் அந்நிறுவனம் வெளியிட்டதே ‘ஃபிஃப்டி ஃபாதம்ஸ்’. ஐம்பது பாகம், ஏறத்தாழ 91 மீட்டர். அங்கே அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் பத்து மடங்கு!

அவ்வளவு அழுத்தத்தில் நீர் எங்கே நுழையும்? நாம் சாவி கொடுக்கும் திருகின் வழியேதான். அன்றாடம் திருகத் திருக அடைப்பு வளையம் தேயும். ஆகவே, கையசைவில் சுழலும் எடையே வில்லை முறுக்கும் தானியங்கி முறையை ஃபீஷ்டர் தேர்ந்தார். சோம்பேறிகளுக்கான வசதி என்று எண்ணிவிடாதீர்கள்!

1969இல் தானியங்கிக் குரோனோகிராஃப் கடிகாரங்கள் வந்தன. அவற்றின் பொத்தான்கள் ஒவ்வொன்றும் புதிய துளை. எனவே, தயாரிப்பாளர் அனுமதித்தாலன்றி நீருக்குள் அவற்றை அழுத்தாதீர்கள். கரையேறியதும் உப்புப் போக நன்னீரில் அலசுங்கள்.