சேடை ஓட்டின கிரவுண்டு

2015 டிசம்பர் 12ஆம் தேதி சென்னையின் எஃப்சி தன்னோட "ஹோம்" செமி ஃபைனலை ஆடிச்சு. எங்கேன்னு நினைக்கிறீங்க? நேரு ஸ்டேடியத்துல இல்லை. புனே பாலேவாடியில்! அட்லெடிகோ டி கொல்கத்தாவை 3-0ன்னு ஜெயிச்சாங்க. கொல்கத்தாவுல நடந்த ரெண்டாவது ஆட்டத்துல 1-2ன்னு தோத்தும் மொத்தக் கணக்குல தாண்டிட்டாங்க. டிசம்பர் 20ல கோவாவுல 3-2ன்னு கோப்பையும் வாங்கிட்டாங்க. கோப்பை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. சொந்த ஊர் ஆட்டம் ஏன் மகாராஷ்டிராவுக்குப் போச்சுங்கறது பாதிப்பேருக்கு மறந்தே போச்சு.

காரணம் மழைதான். டிசம்பர் 1-2ல ஒரே நாள் கணக்குல தாம்பரத்துல 49 செ.மீ., செம்பரம்பாக்கத்துல 47 செ.மீ. நான் இருக்கிற பாரிவாக்கத்துலேர்ந்து பூந்தமல்லியைத் தாண்டினா செம்பரம்பாக்கம் ஏரி. அந்த ராத்திரியைப் பத்தி இங்கே யாருக்கும் புதுசா சொல்ல வேண்டியதில்லை. ஊரே மிதக்கும்போது ஃபுட்பாலாவது ஒண்ணாவது! மாத்தினது சரிதான்.

ஆனா எனக்கு உறுத்தறது வேற விஷயம். வெள்ளமே வராத சாதாரண வருஷத்துல என்ன ஆகும்? ஐஎஸ்எல் முதல் சீசன் 2014 அக்டோபர் 12லேர்ந்து டிசம்பர் 20 வரை. ரெண்டாவது சீசன் 2015 அக்டோபர் 3லேர்ந்து டிசம்பர் 20 வரை. நம்ம பஞ்சாங்கத்துல பார்த்தா ஐப்பசி, கார்த்திகை ரெண்டும் முழுசா உள்ளே! சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 140 செ.மீ. மழைன்னா அதுல பாதிக்கு மேல இந்த வடகிழக்குப் பருவத்துலதான். வட இந்தியாவுக்கு அது மழை விட்ட காலம். நமக்கு அதுதான் மழைக்காலமே.

கிரிக்கெட்காரங்க இந்த விஷயத்துல விவரமானவங்க. சேப்பாக்கத்துல வெள்ளைக்காரங்களும் இந்தியர்களும் மோதின பிரசிடென்சி மேட்ச் பொங்கலை ஒட்டித்தான் நடக்கும். பின்னாடி வந்த "பொங்கல் டெஸ்ட்" எல்லாரும் அறிஞ்சது. மழை முடிஞ்சு, தரை இறுகி, வெயில் இதமா இருக்கிற நேரம். மழையோட சண்டை போடாம தேதியை நகர்த்திட்டாங்க. சிம்பிள்.

ஃபுட்பாலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இந்தியாவுல அது ஆரம்பத்துலேர்ந்தே சேத்துல வளர்ந்த ஆட்டம். 1911 ஜூலை 29ல மோகன் பகான் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட்டை ஜெயிச்சு ஐஎஃப்ஏ ஷீல்டு வாங்கினாங்களே, அது கொல்கத்தாவோட நட்ட நடு மழைக்காலம். பதினோரு பேர்ல பத்து பேர் வெறுங்கால். சேறும் ஃபுட்பாலும் சேர்ந்தே இருக்கும்னு அப்பவே மனசுல பதிஞ்சு போச்சு.

இங்கிலாந்துக்காரன் மட்டும் என்ன ஒசத்தி? அவங்களோட சீசன் முழுக்க ஈரமான குளிர்காலம். 1977 ஏப்ரல் 30ல டெர்பி கவுண்டி - மான்செஸ்டர் சிட்டி மேட்ச், டெர்பியோட பேஸ்பால் கிரவுண்டுல. பெனால்டி கிடைச்சுது. ஆனா பெனால்டி புள்ளியைக் காணோம்! சேத்துக்குள்ள போயிடுச்சு. கிரவுண்டைப் பார்த்துக்கறவர் டேப்பும் பெயிண்ட் வாளியுமா ஓடி வந்து, கோல் போஸ்ட்லேர்ந்து அளந்து புதுசா புள்ளி வெச்சுட்டுப் போனார். அப்புறம்தான் உதைச்சாங்க :-)

அதுக்கு முன்னாடி 1958ல எவர்டன் கிளப் ஒண்ணு பண்ணிச்சு. குடிசன் பார்க் மைதானத்துக்கு அடியில மின்சாரக் கம்பி பதிச்சு, தரையைச் சூடாக்கிப் பனியை உருக்கறதுன்னு திட்டம். பனி என்னமோ நல்லாவே உருகிச்சு. உருகின தண்ணி எங்கே போகும்? அடியில இருந்த வடிகால் அதைத் தாங்கலை. ரெண்டு வருஷம் கழிச்சு 1960ல மொத்தத்தையும் தோண்டி வடிகால் போட வேண்டியதாச்சு. 1981ல க்யூபிஆர் கிளப் "புல்லே வேணாம்டா சாமி"ன்னு பிளாஸ்டிக் தரையைப் போட்டுது. பந்து ரப்பர் மாதிரி எகிறுது, விழுந்தா தோல் உரியுதுன்னு ஆளாளுக்குப் புலம்பி, 1990களின் நடுவுல அந்த லீகுகள்லேர்ந்தே பிளாஸ்டிக் போயிடுச்சு.

கடைசியில அவங்க வந்து சேர்ந்த இடம் ரொம்பச் சாதாரணமானது. தண்ணிக்குக் கீழே போக வழி விடு. அவ்வளவுதான். 1960ல அமெரிக்க கோல்ஃப் சங்கம் ஒரு முறையை எழுதி வெளியிட்டுது. அடியில குழாய், அது மேல 10 செ.மீ. சரளை, அதுக்கு மேல சுமார் 30 செ.மீ. மணல் கலவை, அதுல புல். இன்னிக்குப் பெரிய ஸ்டேடியங்கள் பலதுலேயும் இதோட சொந்தக்காரங்கதான் இருக்காங்க. 1990கள்ல டச்சுக்காரங்க புல்லுக்கு நடுவுல 20 செ.மீ. ஆழத்துக்கு பிளாஸ்டிக் இழையைத் தைச்சு, வேரை அதுல பின்ன விட்டாங்க. தரை பேந்து வராம இருக்க அது ஒரு கூடுதல் பிடிமானம்.

சரி, மேட்டருக்கு வருவோம். மழை எப்படி மைதானத்தைக் கெடுக்குது?

கெடுக்கறதே இல்லைங்க! அதான் மேட்டர். நம்ம ஊர் ஸ்டேடியத்துக்கு பெர்முடா புல்னு காசு கொடுத்து வாங்கறோமே, அது வேற யாருமில்லை. நம்ம பிள்ளையாருக்கு வைக்கிற அருகம்புல்லும் அதன் கலப்பின வகையும்தான். "அருகு போல் வேரோடி"ன்னு கல்யாணத்துல வாழ்த்தறோம் இல்லையா, அதே அருகு. ரெண்டு மூணு நாள் தண்ணி நின்னா அது சாகாது. மேகம் மூடி வெயில் குறைஞ்சா வளர்ச்சி மந்தமாகும், அவ்வளவுதான். அது சாகறது, ஈரமா இருக்கும்போது அது மேல இருபத்திரண்டு பேர் ஸ்டட் போட்டு ஓடறப்ப.

ஏன்னு புரிய ஃபுட்பால் புத்தகம் எதுவும் வேணாம். பாரிவாக்கம், பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் கொஞ்ச காலம் முன்னாடி வரை நெல் போட்ட பெரியவங்களைக் கேட்டாப் போதும். நாத்து நடறதுக்கு முன்னாடி தண்ணி கட்டி, சேத்துல ஏரை விட்டு ஓட்டுவாங்களே, சேடை ஓட்டறது. அது எதுக்கு? ஈரக் களிமண்ணை மிதிச்சுக் கலக்கினா மண்ணுல இருக்கிற சின்னச் சின்ன துவாரமெல்லாம் மூடிடும். அடியில ஒரு இறுகின தட்டு உண்டாகும். அப்புறம் ஊத்தின தண்ணி கீழே இறங்காது, வயல்லயே நிக்கும். நெல்லுக்கு அதுதான் வேணும்.

மழை விட்ட மறுநாள் நாம மேட்ச் ஆடறதும் அச்சு அசலா அதேதான். மாட்டுக்குப் பதிலா மனுஷன், ஏருக்குப் பதிலா ஸ்டட்! தொண்ணூறு நிமிஷம் பிரமாதமா சேடை ஓட்டறோம். அடுத்த மழைக்குத் தண்ணி இறங்காது. தண்ணிக்குள்ள ஆக்சிஜன் நகர்ற வேகம் காத்துல நகர்றதை விடக் கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு கம்மி. வேர் மூச்சுத் திணறி அழுகும். நெல்லு தன் தண்டு வழியாவே வேருக்குக் காத்தை அனுப்பிக்கும். அருகு பாவம், அந்தளவுக்கு வசதியா படைக்கப்படலை.

இன்னொரு சிக்கல், நம்ம ஊர்ல மைதானம் அமையற இடம். மேட்டு நிலத்தை யாரும் விளையாட விட மாட்டாங்க. நேரு ஸ்டேடியத்தையே எடுத்துக்கங்க. அது இருக்கிறது மூர் மார்க்கெட் பக்கத்துல, ஒரு காலத்துல குளங்களோட இருந்த பீப்பிள்ஸ் பார்க் நிலத்துல. 1956 ஜனவரியில மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிரா 413 ரன் கூட்டணி போட்ட கார்ப்பரேஷன் ஸ்டேடியம் அதுதான். 1993ல நேரு கோப்பைக்காக இப்போ இருக்கிற ஸ்டேடியமா எழும்பிச்சு. தலைநகரத்து மைதானத்துக்கே குளத்து நிலம்னா, பாரிவாக்கம் மாதிரி ஏரியை வெச்சு உருவான ஊருக்கு? களிமண்தான். முன்னோர்கள் தண்ணியை நிறுத்தி வைக்கறதுக்காகவே தேர்ந்தெடுத்த மண்ணு. அதுல தண்ணி நிக்காத மைதானம் வேணும்னு நாம கேக்கறோம்.

எங்க பக்கத்துல வருஷா வருஷம் நடக்கிற கதை இது. கார்த்திகையில டோர்னமெண்ட். பேனர் கட்டியாச்சு, என்ட்ரி ஃபீஸ் வாங்கியாச்சு, ஆவடி, திருநின்றவூர்லேர்ந்தெல்லாம் டீம் வருது. சனிக்கிழமை ராத்திரி கொட்டித் தீர்க்கும். ஞாயித்துக்கிழமை காலையில "ஒரு லோடு மண்ணு அடிச்சுடலாம் ப்ரோ"ன்னு எவனாவது கிளம்புவான். மண்ணு வரும், ரோலர் ஓடும், மேட்ச் நடக்கும். பசங்க சேத்துல சறுக்கறதை செல்லுல படம் எடுப்போம். தை மாசம் பார்த்தா தரை உழுது காய்ஞ்ச வயல் மாதிரி கிடக்கும். கணுக்கால் பிசகும். சித்திரையில வெறும் புழுதி.

அதுக்கப்புறம்தான் நிஜமான ஆபத்து. புல்லு இருக்கிற இடத்தை எல்லாரும் "கிரவுண்டு"ம்பாங்க. புல்லு போன இடத்தை "சும்மா கிடக்கிற இடம்"பாங்க. முதல்ல லாரி நிக்கும், அப்புறம் கட்டட இடிபாடு வந்து விழும், அப்புறம் கல்லு நடுவாங்க. மெட்ரோ வருதுன்னு பேச்சு வந்த நாள்லேர்ந்து செண்ட் விலை ஏறிக்கிட்டே போற பக்கம் இது. புல்லுதான் ஒரு மைதானத்தோட பட்டா. கையெழுத்து இல்லாத பட்டா.

காசு இல்லாத சின்ன டீம் என்ன பண்ண முடியும்? மணல் அடுக்கெல்லாம் நமக்குக் கட்டுபடியாகாது. ஆனா பைசா செலவில்லாத, இல்லைன்னா கொஞ்சமா செலவாகிற வேலை நிறைய இருக்கு.

நடுவுல மேடும் ஓரத்துல சரிவுமா தரையை அமைக்கணும். நூறு அடிக்கு ஒரு அடி சரிவு போதும், கண்ணுக்கே தெரியாது. சுத்தி ஒரு வாய்க்கால் வெட்டி, அது போய்ச் சேர ஒரு இடமும் வேணும். இதை ஆடி, ஆவணியிலேயே முடிச்சுடணும்.

மழைக்கு முன்னாடியும், தரை பாதி காய்ஞ்ச பின்னாடியும் கடப்பாரையோ முள் கம்பியோ வெச்சு ஒரு சாண் இடைவெளியில குத்தி ஓட்டை போடணும். வெளிநாட்டுல இதுக்கு டிராக்டர்ல மாட்டற மெஷினே இருக்கு. தத்துவம் ஒண்ணுதான், வேருக்குக் காத்து, தண்ணிக்கு வழி.

ஈரத்துல ரோலர் கூடவே கூடாது. களிமண் மேல கொஞ்சூண்டு மணலைக் கொட்டிக் கலக்கறதும் கூடாது. கொஞ்சமா மணல் சேர்ந்த களிமண் காய்ஞ்சா செங்கல் மாதிரி இறுகும். மணலைப் போடறதுன்னா அந்த ஓட்டைக்குள்ள மட்டும் போடுங்க.

மழை மாசத்துல புல்லை ஒட்ட வெட்டாதீங்க. வெயில் கம்மியா கிடைக்கிற நேரத்துல இலையையும் பிடுங்கிட்டா அது எதை வெச்சு சாப்பாடு தயாரிக்கும்? பிராக்டீஸுக்கு கோல் போஸ்டை அப்பப்போ நகர்த்துங்க. முதல்ல மொட்டையாகறது கோல் வாய்தான்.

இதையெல்லாம் விடப் பெரிய வேலை ஒண்ணு இருக்கு. பெருவிரலால தரையை அழுத்திப் பார்க்கணும். தண்ணி ஊறி மேல வந்தா, "இன்னிக்கு ஆட்டம் இல்லை"ன்னு சொல்லணும். இதைச் சொல்ல ஒரு ஆள் வேணும். அவர் சொன்னா கேப்டனும் கேக்கணும், பேனருக்குக் காசு கொடுத்தவரும் கேக்கணும். நம்ம டீம்கள்ல கேப்டன் இருப்பார், கோச் இருப்பார், "கௌரவத் தலைவர்" நாலு பேர் இருப்பாங்க. இந்த ஆள் மட்டும் இருக்க மாட்டார்.

பக்கத்துல இலங்கையைப் பாருங்க. கொழும்புல மழை வந்தா ஒரு பட்டாளமே ஓடி வந்து முழு மைதானத்தையும் தார்ப்பாயால மூடிடும். 2023 செப்டம்பர் 17 ஆசியக் கோப்பை ஃபைனல்ல 6 விக்கெட் எடுத்த சிராஜ், ஆட்ட நாயகன் பரிசுப் பணத்தை அந்த கிரவுண்டு ஊழியர்களுக்கே கொடுத்துட்டார். அவங்க இல்லைன்னா இந்தத் தொடரே நடந்திருக்காதுன்னு அவருக்குப் புரிஞ்சிருக்கு. ஃபுட்பால் மைதானத்தை அப்படி மொத்தமா மூடி வைக்கிற வசதி நமக்கு வராது. ஆனா அந்த மரியாதையைக் கொடுக்க தார்ப்பாய் எதுக்கு?

அதனால மக்களே, உங்க ஊர்ப் பசங்க இந்தக் கார்த்திகைக்கு டோர்னமெண்ட் வைக்கறதா நோட்டீஸ் நீட்டினா நன்கொடையைத் தாராளமா கொடுங்க. கொடுக்கும்போதே ஒரு கேள்வியும் கேளுங்க: "மழை வந்தா வேண்டாம்னு சொல்றது யாருப்பா?" பதில் வரலைன்னா, தேதியைத் தை மாசத்துக்கு மாத்தச் சொல்லுங்க. பொங்கலும் ஆச்சு, கிரவுண்டும் மிஞ்சும்.

டிஸ்கி: சேடைங்கறதுக்கு உங்க ஊர்ல வேற பேர் இருக்கும். தெற்கே தொளின்னு சொல்றாங்க. பேர் எதுவானாலும் சரி, அதை வயல்ல மட்டும் ஓட்டுங்க :-)